ஆபீஸ் எக்ஸ்சேஞ்சின் கடிகாரம்: கையால் வைப்பதா, லைனிலிருந்து எடுப்பதா, என்டிபியா?

கோவையில் எங்கள் அலுவலகத்துக்குச் சமீபத்தில் ஐபி எக்ஸ்சேஞ்ச் (ஆபீஸ் போன்களை ஒன்றோடொன்றும் வெளி லைனோடும் இணைக்கும், நெட்வொர்க்கில் ஓடும் பெட்டி) வாங்கினோம். விலை, எக்ஸ்டென்ஷன், ரெக்கார்டிங் எல்லாம் பேசி முடித்த பிறகு, கடைசியாக ஒரு விஷயம் பாக்கி இருந்தது. இந்தப் பெட்டிக்கு மணி சொல்லப்போவது யார்? ஆப்பரேட்டர் போனிலிருந்து நாமே வைக்கலாம். டெலிபோன் லைனோடு வரும் நேரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். நெட்வொர்க் வழியாக, சரியான நேரம் சொல்லும் என்டிபி சர்வரிடம் கேட்டுக்கொள்ளவும் விடலாம். நாங்கள் போனது மூன்றாவது வழியில். இதை எழுதுகிறவன் அந்தக் கட்சி என்று தெரிந்தே படியுங்கள்.

போனில் மணி இரண்டு நிமிடம் பிந்தினால் யாருக்கும் நஷ்டமில்லை. சிக்கல் எல்லாம் அந்த மணியை நம்பி நடக்கும் வேலைகளில்தான் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு நைட் மோடுக்கு மாறி, வெளி அழைப்புகளை வாட்ச்மேன் போனுக்குத் தள்ளுவது இந்தக் கடிகாரம். கால் ரெக்கார்டில் பதியும் தேதியும் நேரமும் இதுதான். லாட்ஜாக இருந்தால், அதிகாலை ரயிலைப் பிடிக்க வேண்டியவரை எழுப்பிவிடுவதும் இதன் பொறுப்பு.

கையால் வைப்பது எல்லா எக்ஸ்சேஞ்சிலும் முடியும். சின்ன ஆபீஸ்களில் நிறைய இருக்கும் பானாசோனிக் டிஇஎஸ் 824-இல், டிஸ்ப்ளே உள்ள கீ போனிலிருந்து புரோகிராமிங்குக்குள் போய் 000 அடித்தால் தேதியும் நேரமும் மாற்றும் இடம் வந்துவிடும். ஒரு நிமிட வேலை. வைத்த பிறகு ஓடுவது சாதாரண குவார்ட்ஸ் படிகம், நொடிக்கு 32,768 அதிர்வு. இந்த வகைப் படிகங்கள் வழக்கமாகப் பத்து லட்சத்தில் 20 பங்கு வரை முந்தலாம், பிந்தலாம். அதாவது நாளுக்கு 1.7 நொடி, வருடத்துக்குப் பத்து நிமிடம் போல. இவை 25 டிகிரி வெப்பத்தில் சரியாக ஓடும்படி செய்யப்பட்டவை. அதை விட்டு விலக விலக மெதுவாகும். ஏசி இல்லாத படிக்கட்டு மூலையில் மாட்டிய பெட்டி சித்திரை வெயிலில் இன்னும் கொஞ்சம் பிந்தும். இதுவும் தாங்கக்கூடியதே.

தாங்க முடியாதது பேட்டரி. கரன்ட் போனாலும் கடிகாரம் ஓட போர்டில் ஒரு பேட்டரி இருக்கும், பல மாடல்களில் சால்டர் செய்தே வைத்திருப்பார்கள். அது செத்துவிட்டது என்பது உடனே தெரியாது, ஏனென்றால் யூபிஎஸ் அதை மறைத்துவிடும். யூபிஎஸ்ஸும் காலியாகும் அளவுக்கு நீளமான மின்தடை வந்த அன்றுதான் எக்ஸ்சேஞ்ச் ஏதோ ஒரு பழைய ஜனவரி முதல் தேதி, நள்ளிரவில் கண் விழிக்கும். காலை பத்து மணிக்கு வாடிக்கையாளர் கூப்பிட்டால் போன் கேட்டில் அடிக்கும். வாட்ச்மேன் எடுத்து “ஆபீஸ் லீவுங்க” என்பார். அவர் மேல் தப்பில்லை, அந்தப் போன் அடித்தாலே ஆபீஸ் மூடியிருக்கிறது என்றுதானே அவருக்குச் சொல்லியிருக்கிறோம்! ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) ஆள் வந்து தன் செல்போனைப் பார்த்து மணி வைத்துவிட்டுப் போவார். அடுத்த நீண்ட மின்தடையில் மறுபடி இதே கதை.

லைனிலிருந்து எடுப்பது கேட்க அழகாக இருக்கும். காலர் ஐடி, அதாவது கூப்பிடுகிறவர் எண், எஃப்எஸ்கே என்ற டேட்டா சிக்னல் முறையில் வந்தால் எண்ணோடு மாதம், தேதி, மணி, நிமிடமும் வரும். பானாசோனிக்கின் சில எக்ஸ்சேஞ்சுகள் தினமும் அதிகாலை 3.05-க்குப் பின் வரும் முதல் அழைப்பை வைத்துத் தம்மைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் அதில் வருடம் கிடையாது, நொடியும் கிடையாது. காலர் ஐடி டிடிஎம்எஃப் என்ற பட்டன் ஓசை முறையில் வந்தாலோ எண் மட்டும்தான், நேரமே இருக்காது. நம் ஊர் லைன்களில் இரண்டு முறையும் உண்டு, உங்களுடையது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது ஃபைபர் வந்த பிறகு இன்னொரு வேடிக்கை. காலர் ஐடி சிக்னலைத் தயாரிப்பது உங்கள் சுவரில் மாட்டியிருக்கும் மோடம் பெட்டியேதான். அதன் மணியும் பெரும்பாலும் நெட்வொர்க்கிலிருந்து வந்தது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவானேன்? பிஆர்ஐ லைனில் (ஒரே இணைப்பில் பல அழைப்புகள் போகும் டிஜிட்டல் லைன்) அழைப்பு இணையும் செய்தியோடு தேதியும் நேரமும் வர வழியுண்டு, டெலிபோன் கம்பெனி அனுப்பினால். பிஆர்ஐயோடு எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் அதைப் பற்றி அடித்துப் பேச மாட்டேன்.

மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்து ஜிபிஎஸ்ஸிலிருந்து நேரம் எடுப்பவர்களும் உண்டு. ஆபீஸ் போனுக்கு அது அதிகம்.

சரி, என்டிபி. பின்னாளில் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டேவிட் மில்ஸ் உருவாக்கியது, 1985-லேயே எழுத்தில் வந்துவிட்டது. கேள்வி கிளம்பிய நேரம், சர்வருக்குச் சேர்ந்த நேரம், பதில் கிளம்பிய நேரம், திரும்பி வந்த நேரம், இந்த நான்கையும் வைத்து வழியில் ஆன தாமதத்தைக் கழித்துவிடும். சாதாரண பிராட்பேண்டிலேயே சில பத்து மில்லி நொடிகளுக்குள் (மில்லி நொடி என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நிற்கும். நைட் மோடுக்கு இவ்வளவு துல்லியம் தேவையே இல்லை. எனக்கு இதில் பிடித்தது, யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான். கையால் வைக்கும் கடிகாரம் ஒரு ஆளை நம்பி ஓடுகிறது. அந்த ஆள் வேலை மாறிப் போனால் பாஸ்வேர்டும் அவரோடு போய்விடும்.

எங்கள் ஏற்பாடு இப்படி. வெளியே நேரம் கேட்பது ரூட்டர் மட்டும். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வரும், மத்திய அரசின் தேசிய தகவலியல் மையமான என்ஐசியின் சர்வர்களும் அதில் இருக்கின்றன. இரண்டே சர்வர் கொடுத்தால், அவை முரண்படும்போது எது தப்பு என்று தெரியாது. நான்கு இருந்தால் நல்லது. எக்ஸ்சேஞ்ச், மேஜை போன்கள், கேமரா ரெக்கார்டர், வருகைப் பதிவு மெஷின் எல்லாம் ரூட்டரிடம் கேட்கின்றன. போன்களுக்கு ஒவ்வொன்றாகப் போய்ச் சொல்ல வேண்டாம், டிஹெச்சிபியில் (கருவிகளுக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்கும் ஏற்பாடு) ஆப்ஷன் 42, அதாவது நேர சர்வரின் முகவரி, போட்டால் அதைப் பார்க்கும் மாடல்கள் தாமே எடுத்துக்கொள்ளும். இதில் ஆசை மட்டுமல்ல, சட்டமும் இருக்கிறது. நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் கடிகாரங்களை இயற்பியல் ஆய்வகம், என்ஐசி ஆகிய இரண்டு இடங்களின் சர்வர்களோடோ, அவற்றைப் பின்பற்றும் சர்வர்களோடோ பொருத்த வேண்டும் என்று, இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் உத்தரவு போட்டிருக்கிறது.

வைக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. நேர மண்டலம் ஐந்தரை மணி என்று இருக்கிறதா என்று பாருங்கள். கோடைக்கால நேரமாற்றத்தை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சில போன்கள் மார்ச்சில் தாமாக ஒரு மணி நேரம் குதிக்கும். ஃபயர்வாலில் யூடிபி 123 (என்டிபி பயன்படுத்தும் போர்ட்) வெளியே போக விட வேண்டும். சர்வரைப் பெயரால் கொடுத்திருந்தால் டிஎன்எஸ் (பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) முகவரியும் நிரப்பியிருக்க வேண்டும், பாதிப் புகார்கள் இங்கேதான் முடியும்.

என்டிபி வந்துவிட்டது, பேட்டரி வேண்டாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கரன்ட் திரும்பும்போது எக்ஸ்சேஞ்ச் முதலில் எழுந்து, இன்டர்நெட் பிறகு வந்தால், இடைப்பட்ட நேரத்துக்குப் பேட்டரிதான் துணை. லினக்ஸ் பெட்டியில் என்டிபிடி என்ற என்டிபி புரோகிராம் ஓடினால் இன்னொரு வம்பும் உண்டு. வித்தியாசம் 1,000 நொடியைத் தாண்டினால், தொடங்கும்போது அனுமதி கொடுத்திருக்காவிட்டால், அது திருத்தாமல் நின்றுவிடும். ராஸ்பெர்ரி பை 4 மாதிரியான சின்னக் கணினி போர்டில் எக்ஸ்சேஞ்ச் போட்டிருந்தால் பேட்டரிக் கடிகாரமே கிடையாது, தனியாக வாங்கி மாட்ட வேண்டும். போன் இணைப்பைக் குறியாக்கிப் பாதுகாக்கும் டிஎல்எஸ் வைத்திருந்தால் இன்னும் மோசம். தேதி தப்பான போன், சான்றிதழ் செல்லாது என்று சொல்லிப் பதிவாகவே மறுக்கும்.

லேன் போர்ட்டே இல்லாத பழைய அனலாக் பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், கடிகாரத்துக்காக மட்டும் அதைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். பேட்டரியை மாற்றுங்கள். மாதச் சம்பளக் கணக்கு பார்க்கும் நாளில் மணியையும் பார்த்து வைக்க ஒருவரிடம் சொல்லுங்கள், பாஸ்வேர்டை எழுதிப் பத்திரப்படுத்துங்கள். அப்புறம், ஏஎம்சி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன் பேட்டரி மாற்றுவது அதில் சேர்த்தியா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.