‘பயிற்சி பெற்ற ஆண் நர்ஸ்’ என்று சொல்லி ஆள் அனுப்புகிறார்கள், உஷார்

தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் வீட்டோடு நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறவர்கள், அதிலும் பார்க்கின்சன்ஸ் (கை உதறி, உடம்பு இறுகிப்போகும் நரம்பு நோய்) உள்ள பெரியவர்களை வைத்திருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு 40,500 ரூபாய் போனது. அதைவிட, அப்பா பட்ட பாடுதான் இன்னும் ஆறவில்லை.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பார்க்கின்சன்ஸ். கை உதறலைக்கூட அவர் பொறுத்துக்கொள்வார். உடம்பு இறுகிப்போவதும், நடந்துகொண்டிருக்கும்போதே கால் தரையில் ஒட்டிக்கொள்வதும்தான் அவரைப் படுத்துகிறது. அம்மாவுக்கு முட்டிவலி, அவரைத் தாங்கிப் பிடிக்க முடியாது. நான் பாரிமுனையில் வேலைக்குப் போகிறவள். பகலில் கூட இருக்க ஒரு ஆள் தேவைப்பட்டது.

நோட்டீஸில் ‘பார்க்கின்சன்ஸ், பக்கவாதம், மறதி நோய்க்குப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள்’ என்று போட்டிருந்த ஒரு ஏஜென்சிக்குப் போன் செய்தேன். பார்க்கின்சன்ஸ் நோயாளியைப் பார்த்த அனுபவம் உள்ளவர்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். “எங்க ஸ்டாஃப் எல்லாருக்கும் டிரெய்னிங் உண்டு மேடம், நீங்க நிம்மதியா ஆபீஸ் போங்க” என்றார்கள். மாதச் சம்பளம் 22,000 முன்பணமாக, டெபாசிட் 15,000, பதிவுக் கட்டணம் 3,500. எல்லாம் ஜிபேயில் போனது.

வெள்ளைக் கோட்டு போட்டு ஒரு தம்பி வந்தார். மரியாதையான பிள்ளை. மாத்திரை நேரங்களைப் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டு, ஏன் அப்படி என்றும் சொன்னேன். இந்த நோயில் மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் குறைந்துகொண்டே போகும். லெவோடோபா மாத்திரைதான் அந்தக் குறையைச் சரிக்கட்டுகிறது, அதுவும் சில மணி நேரத்துக்குத்தான். அடுத்த வேளை தள்ளிப்போனால் ஆள் அப்படியே இறுகிப்போவார். பால், முட்டை, பருப்பு மாதிரி புரதம் உள்ளதோடு சேர்த்துக் கொடுத்தால் மருந்து சரியாக உடம்பில் ஏறாது. அதனால் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னாலேயே தண்ணீரில் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் எங்கள் நரம்பு டாக்டர்.

தம்பி தலையாட்டினார். ஆனால் நடந்தது வேறு. அப்பா தூங்குகிறார் என்று பத்தரை மணி மாத்திரையை விட்டுவிட்டு, இரண்டு மணிக்கு இரண்டையும் சேர்த்து, பாலோடு கொடுத்திருக்கிறார். சில நாள் அப்பா மதியம் முழுக்கக் கட்டை மாதிரி கிடந்தார். சில நாள் கையும் தோளும் தன்னால் முறுக்கிக்கொண்டு ஆடின. அம்மா போனில் அழுதாள்.

அப்புறம் பாத்ரூம் நிலைப்படி. எங்கள் வீட்டில் அந்த இடத்தில்தான் அப்பாவுக்குக் கால் ஒட்டும். அதற்காகவே படிக்கு முன்னால் தரையில் மஞ்சள் டேப்பைக் குறுக்குக் கோடுகளாக ஒட்டி வைத்திருக்கிறோம். பக்கத்தில் நின்று, “ஒண்ணு, ரெண்டு” என்று நிதானமாக எண்ணினால் போதும், கோட்டைப் பார்த்துக் காலைத் தூக்கிவைத்துத் தாண்டிவிடுவார். அவசரப்படுத்தவே கூடாது. அந்தத் தம்பி முன்னால் நின்று இரண்டு கையையும் பிடித்து இழுத்திருக்கிறார். உடம்பு முன்னால் வந்தது, கால் வரவில்லை. அப்பா முகம் குப்புற விழுந்தார். நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று.

இதையெல்லாம்விட என்னைப் பயமுறுத்தியது ஒரு வாந்தி மாத்திரை. அப்பாவுக்குக் குமட்டல் என்றதும் தம்பி ஏஜென்சிக்குப் போன் செய்திருக்கிறார். அங்கே ‘மேற்பார்வை நர்ஸ்’ என்று பேசியவர் மெட்டோகுளோப்ரமைடு வாங்கிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். அது மூளையில் டோபமைன் வேலை செய்யும் இடத்தையே அடைக்கிற மருந்து. பார்க்கின்சன்ஸ் உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது. மறுநாள் அப்பாவால் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்ததுமே டாக்டருக்குப் புரிந்துவிட்டது, உடனே நிறுத்தி வேறு மாத்திரை எழுதினார். ஹாலோபெரிடாலும் இதே வகைதானாம், நோயாளி பிதற்றுகிறார் என்று யாராவது அதைக் கொடுத்தாலும் இதே ஆபத்து. இந்தப் பெயர்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் முதலில், “இவருக்குப் பார்க்கின்சன்ஸ்” என்று சொல்லுங்கள்.

அம்மா அந்தத் தம்பியை உட்காரவைத்துச் சோறு போட்டு விசாரித்தபோதுதான் உண்மை வந்தது. முந்தின மாதம் வரை மாதவரத்தில் ஒரு குடோனில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர். பயிற்சி என்று ஒரே ஒரு நாள் இன்னொரு வீட்டில் நிற்கவைத்திருக்கிறார்கள். எங்களிடம் வாங்கிய 22,000-இல் அவருக்குப் பேசியது 11,000. எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. வயிற்றுப்பாட்டுக்கு வந்த பிள்ளையிடம் ஒரு நோயாளியின் உயிரைக் கொடுத்துவிட்டுப் பாதிப் பணத்தைச் சுருட்டியவர்கள்தான் குற்றவாளிகள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பேச்சு மாறியது. “நாங்க வெறும் ஆள் ஏற்பாடு பண்றவங்கதான் மேடம், கையெழுத்துப் போட்ட பேப்பரைப் பாருங்க.” கேட்டதெல்லாம் பயிற்சி பெற்ற நர்ஸ், பேப்பரில் இருப்பது ‘உதவியாளர்’. மாற்று ஆள் அனுப்புகிறோம் என்று இழுத்தடித்து, கடைசியில் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். வடசென்னைக்கென்று மாவட்ட நுகர்வோர் ஆணையம் தனியாக இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நோட்டீஸ் படம், ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, தையல் போட்ட சீட்டு எல்லாம் சேர்த்து மனு தயாராகிறது. அதனால்தான் ஏஜென்சி பெயரை இங்கே போடவில்லை.

நர்ஸ் என்று சொல்லி அனுப்பினால் தமிழ்நாடு நர்ஸ்கள் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். பதிவு பெற்ற நர்ஸ் என்றால் அது கட்டாயம் இருக்கும். உதவியாளர்தான் என்றால் அதுவும் தப்பில்லை, ஆனால் அப்படியே எழுதி வாங்கி, அதற்கேற்ற சம்பளம் பேசுங்கள். வருகிறவரிடம், “கால் ஒட்டிக்கிட்டா என்ன பண்ணுவீங்க?” என்று கேளுங்கள். “பிடிச்சு இழுப்பேன்” என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். முதல் வாரம் வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருக்கட்டும், முன்பணம் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம்.

இப்போது எங்கள் தெருவிலேயே இருக்கிற ஒரு அக்கா வருகிறார். பட்டம் எதுவும் இல்லை, மொபைலில் அலாரம் வைத்து நிமிஷம் தவறாமல் மாத்திரை கொடுக்கிறார். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாகப் பிசியோதெரபி செய்கிறவரும் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கிறார், அதற்குக் காசு இல்லை. உங்கள் ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

இதே மாதிரி முன்பணம் கட்டி ஏமாந்தவர்கள் வடசென்னையில் இருந்தால் ரசீதை அழிக்காமல் வைத்திருங்கள், எனக்குத் தனியாக எழுதுங்கள். ஒரே ஏஜென்சி என்றால் சேர்ந்தே மனு போடலாம்.