டீசலில் கலக்கும் ‘மைலேஜ் மருந்து’: லாரி உரிமையாளர்கள் கவனத்துக்கு

நாமக்கல்லில் மூன்று லாரிகள் வைத்து ஓட்டுகிறேன். டீசலில் கலந்தால் மைலேஜ் 12 சதவீதம் கூடும் என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு திரவத்துக்கு மூன்று மாதங்களில் 32,400 ரூபாய் கொடுத்தேன். அதனாலேயே ஒரு வண்டியின் வாரண்டியையும் இழந்தேன். அதே ஆட்கள் இப்போது சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் புக்கிங் ஆபீஸ்களில் ஏறி இறங்குவதாகக் கேள்விப்பட்டதால், நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

விற்க வந்தவர் வெறும் வாய்ப்பேச்சோடு வரவில்லை. “முதலில் ட்ரையல் பாருங்கள், பிடித்தால் பணம் கொடுங்கள்” என்றார். சேலத்திலிருந்து ஹைதராபாத் வரை மருந்தில்லாமல் போவது, திரும்பும்போது மருந்து ஊற்றி வருவது, இரண்டு முறையும் டேங்கை ஃபுல் செய்து அளப்பது என்று ஏற்பாடு. ஒரே சாலை, ஒரே வண்டி, ஒரே டிரைவர் என்பதால் நியாயமான சோதனை என்றே எனக்குத் தோன்றியது. போகும்போது லிட்டருக்கு 3.9 கிலோமீட்டர் வந்தது, திரும்பும்போது 4.4 வந்தது. ஏறத்தாழ 770 கிலோமீட்டரில் 22 லிட்டர் மிச்சம். அன்றே முதல் ஆறு பாட்டில்களை வாங்கினேன்.

வண்டியை ஓட்டிய டிரைவர் அண்ணன் அன்று மாலையே, “தொப்பூர் இறக்கத்தை மருந்துக் கணக்குல எழுதாதீங்க ஓனர்” என்றார். தொப்பூர், தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் மலைச்சாலை. அவர் பேச்சை நான் கேட்கவில்லை. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் அவர் சொன்னதன் எடை புரிந்தது. சேலத்தைவிட ஹைதராபாத் ஏறக்குறைய 260 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 28 டன் எடையுள்ள வண்டியை அந்த உயரத்துக்கு ஏற்றுவதற்கு மட்டுமே 5 லிட்டர் டீசல் கூடுதலாகச் செலவாகும்; திரும்பும்போது அந்தச் செலவு இல்லை. வரும்போது லோடும் 4 டன் குறைவாக இருந்தது. அதோடு, மருந்து நன்றாக வேலை செய்ய வேண்டுமென்றால் வேகம் 55-ஐத் தாண்டக் கூடாது, ஆர்.பி.எம். முள் பச்சைக் கோட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று திரும்பும் பயணத்துக்கு மட்டும் டிரைவரிடம் சொல்லியிருக்கிறார்கள். டயர்களுக்குக் காற்றுச் சரிபார்த்ததும், ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்ததும் ஹைதராபாத்தில் வைத்துத்தான். இவை ஒவ்வொன்றும் மருந்தே இல்லாமல் மைலேஜைக் கூட்டக்கூடியவை.

டேங்க் நிரப்பிய விதம் தனிக்கதை. ஹைதராபாத்தில் நுரை அடங்கும்வரை காத்திருந்து, மூடி வரை தளும்பத் தளும்ப நிரப்பினார்கள். சேலத்தில் நாசில் முதல்முறை ‘டக்’ என்று நின்றதும் பில் போட்டுவிட்டார்கள். அதுவும் பங்க்கின் தரை சரிந்திருந்த இடத்தில் வண்டியை நிறுத்தி. பெரிய டேங்கில் இந்த வித்தியாசம் மட்டுமே பல லிட்டர் வரும். போகும்போது செலவு கூடியதாகவும், வரும்போது குறைந்ததாகவும் காட்ட இதுவே போதும்.

மூன்று மாதங்களில் மூன்று வண்டிகளும் சேர்ந்து 72,000 கிலோமீட்டர் ஓடின. லிட்டருக்கு 1 மில்லி வீதம் 18,000 லிட்டர் டீசலுக்கு 18 பாட்டில்கள், ஒவ்வொன்றும் 1,800 ரூபாய். மருந்துக்கு முந்தைய மூன்று மாதச் சராசரி 4.02, மருந்து ஊற்றிய மூன்று மாதச் சராசரி 4.00. அவர் சொன்னபடி நடந்திருந்தால் 1,900 லிட்டருக்கு மேல் மிச்சமாகியிருக்க வேண்டும்.

“எரியாமல் வீணாகும் டீசலை இது எரிய வைக்கும்” என்பதுதான் அவருடைய முக்கிய வாதம். நல்ல நிலையில் உள்ள டீசல் இன்ஜினில் உள்ளே போகும் எரிபொருளில் 98 சதவீதத்துக்கு மேல் எரிந்துவிடுகிறது. எரிந்து வரும் ஆற்றலில் பாதிக்கு மேல் சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாகப் போய்விடுவதுதான் உண்மையான இழப்பு. அதை எந்தத் திரவமும் திருப்பித் தராது. எரியாமல் போவதே 2 சதவீதத்துக்குள் இருக்கும்போது, அதிலிருந்து 12 சதவீதத்தை எப்படி எடுக்க முடியும்? இந்த ஒரு கேள்வியை அன்றே நான் கேட்டிருக்க வேண்டும்.

எல்லா சேர்மானமும் பொய் என்று நான் சொல்லவில்லை. சீட்டேன் எண்ணை (டீசல் எவ்வளவு எளிதில் தீப்பற்றும் என்பதன் அளவை) கூட்டுவதற்கும், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் படியும் அழுக்கை நீக்குவதற்கும், கடுங்குளிரில் டீசல் உறையாமல் இருப்பதற்கும் உண்மையான சேர்மானங்கள் உண்டு. ஆனால் இன்ஜெக்டர் அழுக்கடைந்து குறைந்துபோன மைலேஜைத்தான் அவை ஓரளவு மீட்டுத் தரும். நம் பங்க்குகளில் வரும் பிஎஸ்-6 (புகை மாசைக் குறைக்கும் அரசுத் தரவிதி) டீசலுக்குக் குறைந்தபட்ச சீட்டேன் எண் 51 என்று ஏற்கெனவே விதி இருக்கிறது.

எனக்கு அதிக வலி கொடுத்தது அடுத்து நடந்தது. மூன்றில் ஒன்று பிஎஸ்-6 வண்டி. கிருஷ்ணகிரி தாண்டி இழுவை குறைந்து நின்றது. இரண்டு இன்ஜெக்டர்கள் போய்விட்டன. மருந்துதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் சர்வீஸ் சென்டரில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த பாட்டிலைப் பார்த்ததும், நிறுவனம் அனுமதிக்காத சேர்மானம் கலந்தால் வாரண்டி கிடையாது என்ற விதியை வண்டியின் கையேட்டிலேயே காட்டினார்கள். 64,000 ரூபாயை நானே கட்டினேன். அந்தப் பாட்டிலில் என்ன ரசாயனம் இருக்கிறது என்று எங்கும் எழுதப்படவில்லை. இரும்பு போன்ற உலோகம் கலந்த சேர்மானமாக இருந்தால், அதன் சாம்பல் பிஎஸ்-6 வண்டிகளின் புகை வடிகட்டியில் தங்கிவிடும். கரியைப்போல அதை எரித்து நீக்க முடியாது.

நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தேன். முதலில் பில்லைக் கேட்டார்கள். என்னிடம் இருந்ததோ ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த துண்டுச் சீட்டு, அதில் ஜி.எஸ்.டி. எண் இல்லை. மேலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே நடத்துபவருக்கு விலக்கு உண்டு. மூன்று வண்டிகள் வைத்திருக்கும் நான் அந்த விலக்குக்குள் வருவேனா என்று வக்கீல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அமெரிக்காவில் லாரிகளின் எரிபொருள் செலவை ஒப்பிட எஸ்.ஏ.இ. ஜே1321 என்ற முறை இருக்கிறது. ஒரே மாதிரி இரண்டு லாரிகள் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் ஓட வேண்டும். ஒன்றில் எதையும் மாற்றக் கூடாது. டீசலை லிட்டரில் அல்லாமல், தனி டேங்கைக் கழற்றி எடை போட்டு அளக்க வேண்டும். என்னுடைய மற்ற இரண்டு வண்டிகளும் ஒரே மாடல்தான். அதே போல ஒருமுறை நாமக்கல்லிலேயே அளந்து காட்டுங்கள், செலவு முழுவதும் என்னுடையது என்று விற்றவரிடம் இரண்டு முறை கேட்டேன். முதல் முறை, தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இரண்டாவது முறைக்குப் பிறகு அவர் என் போனை எடுக்கவில்லை.