நிசெகோவா, ஹகுபாவா, நோசாவாவா: பவுடர் பனிக்கு எங்கே போகலாம்?

மூன்று ஊருக்கும் போய் வந்துவிட்டேன் என்பதால், ஜப்பானில் ஸ்கீயிங் என்று யார் பேச்செடுத்தாலும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: எங்கே பனி அதிகம்? நிசெகோ. அதில் சந்தேகமே வேண்டாம், ஒரு பருவத்துக்குச் சராசரியாக 14, 15 மீட்டர் கொட்டுகிற ஊர் அது. ஆனால் கொட்டியதில் உங்கள் பங்குக்கு எவ்வளவு மிஞ்சும் என்று யாரும் கேட்பதில்லை. ராத்திரி விழுந்த பவுடரைக் காலை பத்து மணிக்குள் ஊரே இறங்கி உழுதுவிட்டால், பதினொரு மணிக்கு எழுந்து போகிறவருக்கு மேடு பள்ளம்தான் பாக்கி. நான் மூன்றையும் இந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன்.

பவுடர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: கையில் அள்ளி உருண்டை பிடித்துப் பாருங்கள், பிடிக்கவே வராது, காய்ந்த அரிசி மாவு மாதிரி விரலிடுக்கில் உதிரும். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து, முதலில் எதிர்ப்படும் மலையில் கொட்டுகிறது. மூன்று ஊருக்கும் பனி வரும் வழி இதுதான். வடக்கே ஹொக்கைடோவில் குளிர் கூடுதல் என்பதால் நிசெகோ பனி உலர்ந்தும் லேசாகவும் இருக்கும். நாகானோ மாகாணத்தில் இருக்கும் மற்ற இரண்டிலும் நல்ல நாள் அமைந்தால் அதே தரம்தான், நாள் சரியில்லை என்றால் கொஞ்சம் கனத்த பனி.

சரி, நிசெகோ. கிராண்ட் ஹிராஃபு, ஹனாசோனோ, நிசெகோ வில்லேஜ், அன்னுபுரி என்று ஒரே மலையின் நான்கு பக்கங்களில் நான்கு ரிசார்ட்டுகள், நான்கிலும் செல்லுகிற ஒரே லிஃப்ட் பாஸ். மலை பெரிய உயரமெல்லாம் இல்லை, உச்சியே 1,308 மீட்டர்தான். மேகம் விலகினால் எதிரே யோடெய் எரிமலை தெரியும், ஜனவரியில் மேகம் விலகுவது அபூர்வம். இங்கே எனக்குப் பிடித்தது கேட் முறை. ரிசார்ட் எல்லைக்கு வெளியே போக வேண்டுமானால் அவர்கள் திறந்து வைத்திருக்கும் கேட் வழியாகத்தான் போக முடியும். பனிச்சரிவு அபாயம் இருக்கும் நாளில் கேட் திறக்காது, கயிற்றுக்கு அடியில் நுழைந்து போய் மாட்டினால் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். கண்டிப்புதான், ஆனால் வெளிப்பனியை முதல்முறை தொடுகிறவருக்கு இப்படி ஒரு ஏற்பாடு இருப்பது நிம்மதி. பிடிக்காதது கூட்டமும் விலையும். ஒரு நாள் பாஸ் 10,000 யென்னைத் தாண்டிவிட்டது, ஹிராஃபுவில் சாப்பாட்டுக்கு டோக்கியோவில் கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு கொடுத்த நாட்கள் எனக்கு உண்டு. எங்கு திரும்பினாலும் ஆஸ்திரேலிய ஆங்கிலம். அப்புறம் காற்று. நான் போன 6 நாளில் 2 நாள் மேல் லிஃப்டுகள் காற்றுக்காக நின்றுவிட்டன, முழங்கால் ஆழப் பனி மேலே கிடக்க, நாங்கள் கீழே காபி குடித்துக்கொண்டிருந்தோம்.

ஹகுபா வேறு ரகம். இங்கே மலை என்றால் மலை, பின்னால் நிற்கும் ஷிரோஉமா சிகரம் 2,932 மீட்டர். 1998 ஒலிம்பிக்கின் டவுன்ஹில் பந்தயம் இங்கே ஹப்போ-ஒனே சரிவில்தான் நடந்தது. ஆஸ்திரியாவின் ஹெர்மன் மையர் காற்றில் பறந்து, வேலிகளைப் பிய்த்துக்கொண்டு போய் விழுந்து, மூன்றே நாளில் எழுந்து வந்து சூப்பர்-ஜி என்கிற இன்னொரு பந்தயத்தில் தங்கம் வாங்கியதும் இதே மலையில்தான். செங்குத்தான சரிவு வேண்டும், நன்றாக ஸ்கீ தெரியும் என்றால் யோசிக்காமல் ஹகுபா போங்கள். பள்ளத்தாக்கில் 10 ரிசார்ட்டுகள், ஆனால் நிசெகோ மாதிரி எல்லாம் ஒட்டிக்கொண்டில்லை, பெரும்பாலும் பஸ்ஸில்தான் மாற வேண்டும். பவுடருக்கு வடக்குக் கோடியில் இருக்கும் கோர்ட்டினா, மரங்களுக்கு நடுவே இறங்கலாம். பிரச்சினை என்னவென்றால் பனி கொட்டிய காலையில் பள்ளத்தாக்கில் உள்ள அத்தனை பேரும் அதே கோர்ட்டினா பஸ்ஸில்தான் இருப்பார்கள். ஜனவரி கடைசியில் ஒருநாள் ஹப்போ அடிவாரத்தில் மழையில் நனைந்ததையும் சொல்லிவிட வேண்டும், மேலே பனி, கீழே மழை. நிசெகோவில் நடு ஜனவரியில் அப்படி எனக்கு நேர்ந்ததில்லை.

நோசாவா ஆன்சென் என் செல்லம், அதனால் இந்தப் பத்தியைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். இது ரிசார்ட்டாகக் கட்டிய இடம் இல்லை, வெந்நீர் ஊற்றைச் சுற்றி எழுந்த பழைய கிராமம். ஊர்க்காரர்களே பராமரிக்கும் 13 பொதுக் குளியல் வீடுகள் இருக்கின்றன, கட்டணம் கிடையாது, உண்டியலில் காசு போட்டுவிட்டுப் போகலாம். தண்ணீர் சூடு என்றால் சாதாரணச் சூடு இல்லை, முதல் நாள் கால் வைத்துவிட்டுத் துள்ளி வெளியே வந்தவன் நான். மலையும் சோடை இல்லை: 565 மீட்டரில் தொடங்கி 1,650 மீட்டர் வரை. மேலே யாமாபிக்கோ பகுதியில் பீச் மரங்களுக்கு நடுவே பனி நன்றாக நிற்கும், கூட்டமும் ஹிராஃபு அளவுக்கு இல்லை. ஒருமுறை மதியம் ஒரு மணிக்குக்கூடத் தடம் படாத ஓரம் கிடைத்தது. பாஸ் விலையும் மற்ற இரண்டைவிடக் குறைவு. குறை இல்லாமல் இல்லை. அடிவாரம் தாழ்வு, வெயில் அடித்தால் கீழ்ப்பகுதி சாயங்காலத்துக்குள் சொதசொதவென்று ஆகிவிடும். அறைகள் கொஞ்சம்தான், இரவு உணவுக்கு இடம் தேடி அந்த வழுக்குத் தெருக்களில் அலைந்தால் ஸ்கீயில் விழாதவரும் அங்கே விழுவார்.

போக்குவரத்தில் நாகானோ பக்கம்தான் சௌகரியம். டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் என்கிற அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் ஈயாமா, அங்கிருந்து 25 நிமிடம் பஸ்ஸில் போனால் நோசாவா. ஹகுபாவுக்கு நாகானோவில் இறங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ். நிசெகோவுக்கு நியூ சிட்டோசே விமான நிலையத்திலிருந்து பஸ்ஸே இரண்டரை, மூன்று மணி நேரம். ஸ்கீயையும் பெட்டியையும் தக்யூபின் என்கிற பார்சல் சேவையில் முன்கூட்டியே விடுதிக்கு அனுப்பிவிட்டுக் கைவீசிக்கொண்டு போங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜப்பானியச் சமையலில் டாஷி என்கிற சாறு எல்லாவற்றிலும் இருக்கும், அது பெரும்பாலும் காய்ந்த மீனில் எடுப்பது, மிசோ சூப்பும் தப்பாது. வெளிநாட்டுக் கூட்டம் இருப்பதால் நிசெகோவில் சமாளிக்கலாம். நோசாவா விடுதியில் இரவுச் சாப்பாடு சேர்த்து எடுக்கிறீர்கள் என்றால் அறை பதியும்போதே எழுதிச் சொல்லிவிடுங்கள், வாசலில் போய் நின்று சொன்னால் அவர்களுக்கும் சங்கடம்.

இன்னொன்று, முதல்முறை ஸ்கீ கட்டப்போகிறவருக்குப் பவுடர் ஒரு தண்டனை. நான் இரண்டாவது வருஷமே தைரியமாக ஹிராஃபுவில் மரங்களுக்குள் இறங்கி விழுந்து, கழன்ற ஸ்கீயை இடுப்பளவுப் பனியில் முக்கால் மணி நேரம் தோண்டித் தேடினேன். மரத்தடியில் பனிக்குள் குழி இருக்கும், தலைகீழாக விழுந்தால் தானாக எழுந்து வர முடியாது, அதனால் மரங்களுக்குள் தனியாகப் போகவே கூடாது. முதல் வாரக்காரர் ஹகுபாவின் த்சுகாஇக்கே மாதிரி அகலமான, சமன்படுத்திய சரிவில் பழகட்டும்.

தேர்ந்த ஆளுக்கு ஹகுபா. ஒரு வாரம்தான் லீவு, பவுடர் கிடைத்தே ஆக வேண்டும், காசு பிரச்சினை இல்லை என்றால் நிசெகோ, அதிலும் சீனப் புத்தாண்டு வாரத்தைத் தவிர்த்துவிட்டு. நான் மறுபடியும் நோசாவாதான். ஜனவரி 15 அன்று டோசோஜின் தீத்திருவிழா, ஊர் ஆண்களில் 42 வயதுக்காரர்களும் 25 வயதுக்காரர்களும் மரக்கோபுரத்தைக் காத்து நிற்க மற்றவர்கள் தீப்பந்தத்தோடு பாய்வார்கள். அதைப் பார்க்கிற மாதிரி போகலாம் என்று தேடினேன், அந்த வாரம் அறையே இல்லை. 18-ஆம் தேதியிலிருந்து ஐந்து இரவு கிடைத்தது, எடுத்துவிட்டேன்.