டோமோ மேமோகிராமோடு ஆறு வருடம்

பாலில் விழுந்த தேங்காய்ச் சில்லைக் கண்ணால் தேடிப் பாருங்கள் என்று ஜூனியர்களிடம் சொல்வேன். அடர்த்தியான மார்பகத்தின் மேமோகிராம் அப்படித்தான் இருக்கும். எக்ஸ்ரேயில் கொழுப்பு கறுப்பு, சுரப்பித் திசு வெள்ளை. கட்டியும் வெள்ளை. அடர்த்தியை ஏ முதல் டி வரை பிரிப்போம்; ஏ என்றால் பெரும்பாலும் கொழுப்பு, டி என்றால் மிக அடர்த்தி. எங்கள் சென்டருக்கு வருகிறவர்களில் நாற்பதுகளில் இருப்பவர்கள் அதிகம் என்பதால் சி, டி எல்லாம் தினசரிச் சமாச்சாரம்.

மார்பகத்தை அடுக்கடுக்காகப் பார்க்க உதவும் டோமோ (டோமோசிந்தசிஸ்) மெஷின் எங்களுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. அதில் எக்ஸ்ரே ட்யூப் 15 டிகிரி வில்லில் நகர்ந்து 15 படம் எடுக்கும். நாலு வினாடி வேலை. அதிலிருந்து கம்ப்யூட்டர் 1 மி.மீ. இடைவெளியில் ஸ்லைஸ்களாகப் பிரித்துக் கொடுக்கும். அந்த நாலு வினாடியில் ஒரு அம்மா தும்மிவிட்டால் போச்சு, மார்பை மறுபடி தட்டில் வைத்து அமுக்க வேண்டும்.

இது நிறையக் கட்டிகளைக் கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்த்துத்தான் வாங்கினோம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, "ஒன்றுமில்லை, போய்ட்டு வாங்க" என்று தைரியமாகச் சொல்ல முடிவதுதான். போன மாதம் 44 வயதுப் பெண் ஒருவர். சாதாரணப் படத்தில் இடது மார்பில் கட்டி மாதிரி ஒரு வெள்ளை. மவுஸை உருட்டினேன். 22-வது ஸ்லைஸில் ஒரு திசு இழை, 31-ல் இன்னொன்று. ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கட்டி வேஷம் போட்டிருக்கின்றன. பழைய நாளாக இருந்தால் மறுபடி வரச்சொல்லி, அவரை ஒரு வாரம் தூங்கவிடாமல் செய்திருப்பேன். இதற்கு நேர்மாறாக, சாதாரணப் படத்தில் தெரியாத நட்சத்திர இழுப்பு, அதாவது திசு நட்சத்திரம் மாதிரி இழுபட்டிருக்கும் இடம், டோமோவில் பளிச்சென்று தெரியும். பயாப்ஸி செய்து துளி திசுவை எடுத்துப் பார்த்தால் சில சமயம் புற்று, சில சமயம் வெறும் தழும்பு.

ஆனால் டி வகையில் டோமோவும் திணறும். ஓரத்தைக் காட்டிக்கொடுக்க நடுவில் கொழுப்பே இல்லையென்றால் எத்தனை ஸ்லைஸ் உருட்டினாலும் வெள்ளைதான். அதற்காக இரண்டு வருடம் முன்பு காண்ட்ராஸ்ட் வசதி சேர்த்தோம். எடைக்கு ஏற்றபடி, கிலோவுக்கு 1.5 மில்லிலிட்டர் அயோடின் மருந்தைக் கையில் ஏற்றி, இரண்டு நிமிடம் பொறுத்து, பத்து நிமிடத்துக்குள் படங்களை முடிக்க வேண்டும். ஒவ்வொரு அமுக்கலிலும் குறைந்த சக்தியில் ஒன்று, அதிக சக்தியில் ஒன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் சுரப்பித் திசு மறைந்து, மருந்தை உறிஞ்சிய இடம் மட்டும் ஒளிரும். 47 வயதுப் பெண்ணுக்கு அல்ட்ராசவுண்டில் ஒரு கட்டிதான் பார்த்திருந்தோம். இதில் 3 செ.மீ. தள்ளி 6 மி.மீ.யில் இன்னொன்று மினுங்கியது. இடம் தெரிந்தபின் அல்ட்ராசவுண்டிலும் அகப்பட்டது. சர்ஜன் ஆபரேஷன் திட்டத்தையே மாற்றினார்.

நான் சறுக்கியதும் இதில்தான். ஒருவருக்குக் கொத்தாகச் சுண்ணாம்புப் புள்ளிகள். அந்த இடம் ஒளிரவில்லை. நிம்மதியாகி "ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்று எழுதிவிட்டேன். சீனியர் ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பினார். பயாப்ஸியில் பால் நாளத்தைத் தாண்டாத ஆரம்பநிலைப் புற்று. புள்ளிகளின் வடிவம் சந்தேகமாக இருந்தால், ஒளிராதது சமாதானம் ஆகாது. அன்றிலிருந்து கழிக்காத படத்தைத்தான் முதலில் திறக்கிறேன்.

குறைகள் உண்டு. படம் படிக்க நேரம் ஏறக்குறைய இரட்டிப்பு. சர்வர் சீக்கிரம் நிரம்புகிறது. காண்ட்ராஸ்டுக்கு முன் சிறுநீரகம் சரியா என்று அறிய ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்க வேண்டும், அலர்ஜி கேட்க வேண்டும். காண்ட்ராஸ்டில் மட்டும் தெரிவதைக் குத்தி எடுக்கும் கருவி எங்களிடம் இல்லை, எம்ஆர்ஐ உள்ள இடத்துக்கு அனுப்புகிறோம். வலியும் குறையவில்லை.

"இவ்ளோ பெரிய மெஷின்ல எடுத்தாச்சே டாக்டர், இனி ஸ்கேன் வேணாம்ல?" என்று பிளவுஸைப் போட்டுக்கொண்டே கேட்பார்கள்.

"வேணும்மா. பக்கத்து ரூம்தான், ஹூக்கு இப்ப மாட்டாதீங்க."