மாயாற்றைத் தாண்ட: பரிசலா, பாலமா, ஊரையே மாற்றுவதா?

பவானிசாகர் காராச்சிக்கொரை சோதனைச்சாவடியைத் தாண்டிக் காட்டுக்குள் சுமார் 25 கிலோமீட்டர் போனால், மாயாற்றங்கரையில் பஸ் நின்றுவிடும். தெங்குமரஹாடா அக்கரையில். முன்னால் ஆறு, பின்னால் நீலகிரி மலை, சுற்றிலும் புலிக்காடு. தீவு என்றே சொல்லலாம். உணவுப் பயிர் விளைவிக்க 1948-ல் கூட்டுறவுப் பண்ணைச் சங்கம் வைத்து உருவான ஊர் இது.

இப்போது இருப்பது பரிசல். காட்டுக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் ஊரில் ஒரு தூறல் விழாத நாளிலும், மேலே நீலகிரியில் பெய்தாலோ மின்நிலையத்தில் தண்ணீர் திறந்தாலோ ஆறு ஏறிவிடும். அன்றைக்குப் பரிசலை நம்ப முடியாது. மஞ்சள் மூட்டை காத்திருக்கும், சரி. பிரசவ வலி காத்திருக்குமா?

இடமாற்றத்துக்குக் கணக்கு போட்டாயிற்று: 495 குடும்பம், தலா 15 லட்சம், மொத்தம் 74.25 கோடி ரூபாய். விரும்பிப் போகிறவர்களுக்கு அதை உடனே கொடுக்க வேண்டும். ஆனால் 15 லட்சத்துக்குச் சத்தியமங்கலம் பக்கம் வீடும் தோட்டமும் வாங்கிவிட முடியுமா? தலைமுறையாக உழுத மண்ணைவிட்டு வருகிறவர்கள் அவர்கள்.

அப்புறம் பாலம். வனத்துறையின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. யானைகள் நடமாடும், பாறு கழுகுகள் கூடு கட்டும் பள்ளத்தாக்கு இது. லாரி போகும் பாலம் வந்தால் பின்னாலேயே விடுதிகளும் வரும். அதனால் நான் கேட்பது பெரிய பாலம் இல்லை. ஆளும் பைக்கும் போக, நோயாளியைக் கட்டிலோடு தூக்கிப்போக அகலம் இருந்தால் போதும். உயரத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. சிறுமுகை பக்கம் காந்தவயலில் பார்த்தோமே: பவானிசாகர் அணை நிரம்பினால் பழைய பாலம் மூழ்கும், பாலம் இருந்தும் ஜனங்கள் படகேறுவார்கள்.

இடமாற்றம் வரப்போகிறது, பாலம் வீண் செலவு என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. 2024-ல் வயநாடு சூரல்மலையில் ராணுவம் 190 அடி பெய்லி பாலத்தை இரண்டு நாளுக்குள் போட்டது. அந்த வகை இரும்புப் பாலத்தைக் கழற்றி மாட்டலாம். மாயாற்றின் அகலத்துக்கு ஏற்ப அப்படி ஒன்றைப் போடட்டும். ஊர் ஒருநாள் நிஜமாகவே காலியானால், கழற்றி வேறொரு ஆற்றுக்குக் கொண்டுபோகட்டும்.