ஆயில் விளக்கை அணைக்க 74,600 ரூபாய்

போடி, தேனி, கம்பம் பக்கம் பழைய டீசல் ஜீப் வைத்துக்கொண்டு மலைக்கு ஏறி இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னை ஏமாற்றிய பட்டறையின் பெயரைப் போடவில்லை. வக்கீல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். போட்டாலும் பெரிய பிரயோஜனம் இல்லை, இதே வித்தையை எந்த ஊரிலும் யாரும் காட்டலாம்.

வண்டி மஹிந்திரா கமாண்டர், ஃபோர் வீல், டிஐ என்ஜின். அப்பா 1998-இல் புதிதாக எடுத்தது. பூப்பாறைக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. கடைசி மூன்று கிலோமீட்டர் வெறும் கல்லும் சேறும். வேறு வண்டி அங்கே ஏறாது. அதனால்தான் இத்தனை வருடம் விற்காமல் வைத்திருக்கிறேன்.

போன ஐப்பசியில் ஒரு நாள், போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்து செக்போஸ்ட்டில் வரிசையில் நின்றபோது டாஷ்போர்டில் ஆயில் விளக்கு, அதாவது ஆயில் பிரஷர் குறைந்தால் எரிகிற விளக்கு, மினுக்கியது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் அணைந்தது. காலை எடுத்தால் மறுபடி எரிந்தது. ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிட்டு டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் சரியாகவே இருந்தது. அரை மணி நேரம் ஆறவிட்டு எடுத்தேன், விளக்கு எரியவில்லை. அடுத்த வாரம் அதே இடத்தில் அதே கதை. ஆயில் கடைக்காரர் சொன்னாரே என்று 650 ரூபாய்க்கு ஒரு டப்பா தேன் மாதிரி எதையோ வாங்கி ஊற்றினேன். அந்த முட்டாள்தனம் முழுக்க என்னுடையது.

அப்புறம்தான் நண்பர் ஒருவர் சொன்ன பெரிய பட்டறைக்குப் போனேன். உரிமையாளர் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை பிளாக்கில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"பேரிங் போச்சு சார். இப்படியே ஓட்டினீங்கன்னா கிராங்க் ஜாம் ஆயிடும், அப்புறம் பிளாக்கே மிஞ்சாது."

கிராங்க் என்பது பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு, அது உரசாமல் சுற்றத் தாங்குவது பேரிங். வண்டியை விட்டுவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. மேஜை மேல் வரிசையாக பேரிங் ஷெல்கள் என்கிற அரைவட்டத் தகடுகள், வெள்ளைப் பூச்சு தேய்ந்து செம்பு தெரிகிற மாதிரி. பார்த்ததும் வயிறு கலங்கியது. செம்பு தெரிந்தால் பேரிங் முடிந்தது என்பது எனக்கும் தெரியும். "செஞ்சிடுங்க" என்றேன். கிரைண்டிங்கில் வரிசை, பார்ட்ஸ் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும் என்று 16 நாள் இழுத்தார்கள். பில் 74,600 ரூபாய். கிராங்க் கிரைண்டிங் 0.50 மில்லிமீட்டர், மெயின் பேரிங் செட், கனெக்டிங் ராடு பேரிங் செட், புது ஆயில் பம்ப், கேஸ்கெட் செட், கூலி. பில் என்று நான்தான் சொல்கிறேன். ஜிஎஸ்டி எண் இல்லாத ஒரு வெள்ளைத் தாள், மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சடித்தது. கேட்டதற்கு, "பில் போட்டா வரி தனியா வரும் சார், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். நானும் தலையாட்டினேன். கழற்றிய பழைய ஷெல்களை ஒரு பையில் போட்டு அவர்களாகவே கொடுத்தார்கள். எவ்வளவு நேர்மையான ஆட்கள் என்று அன்றைக்கு வீட்டில் புகழ்ந்தேன்.

என்ஜினுக்கு சில்வர் பெயிண்ட் அடித்து பளபளவென்று வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து ஆயில் விளக்கு எரியவே இல்லை.

எரியவே இல்லை என்றால், எப்போதுமே இல்லை. இதை நான்கு மாதம் நான் கவனிக்கவில்லை. கண்டுபிடித்தது என் மகள். இந்த வண்டியில்தான் ஓட்டப் பழகுகிறாள். சாவியைத் திருப்பிவிட்டு ஸ்டார்ட் செய்யாமல் உட்கார்ந்திருந்தவள், "அப்பா, இதுல பேட்டரி படம் மட்டும்தான் எரியுது. மாமா கார்ல ஆயில் படமும் சேர்ந்து எரியுமே?" என்றாள்.

சாவியைத் திருப்பியதும், என்ஜின் ஓடாதபோது, ஆயில் விளக்கு எரிந்தே ஆக வேண்டும். பிரஷர் இல்லாதபோது, என்ஜினில் இருக்கிற ஆயில் பிரஷர் சுவிட்ச் தன் வயரை பாடியோடு சேர்க்கும், விளக்கு எரியும். ஸ்டார்ட் ஆகி பிரஷர் ஏறியதும் பிரித்துவிடும், அணையும். வேறு மாயமில்லை. அப்போதும் எரியவில்லை என்றால் பல்ப் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் வயர் கழன்றிருக்க வேண்டும். பானெட்டைத் திறந்து பார்த்தேன். கழன்றிருக்கவில்லை, கழற்றியிருந்தார்கள். சுவிட்சுக்குப் போகிற ஒற்றை வயரை உருவி, முனையில் டேப் சுற்றி, மற்ற வயர்களோடு சேர்த்துக் கட்டி மறைத்திருந்தார்கள். நான்கு மாதமாக ஏழெட்டு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு, ஆயில் பிரஷர் போனால் தெரிவிக்க எதுவுமே இல்லாத வண்டியில் நான் மலை ஏறியிருக்கிறேன். பணத்தைவிட எனக்கு ஆத்திரம் இதில்தான்.

வயரை மாட்டிப் பார்த்தேன். சாவி திருப்பினால் விளக்கு எரிந்தது. என்ஜின் சூடானதும் ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது, பழையபடி மினுக்கியது.

இந்த முறை உத்தமபாளையத்தில் ஒரு பாயிடம் போனேன். தகரக் கொட்டகை, ஒரே ஒரு பையன் உதவிக்கு. கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "மீட்டர் போட்டுப் பார்த்தாங்களா தம்பி?" என்றார். என்ன மீட்டர் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்தார். டீசல் கலந்தால் ஆயில் நீர்த்து, அளவு ஏறி, வாடை அடிக்குமாம். ரேடியேட்டர் தண்ணீர் கலந்தால் மோர் மாதிரி வெளுக்குமாம். இரண்டும் இல்லை. அப்புறம் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் ஒரு டி-ஜாயின்ட் போட்டு, ஒரு பக்கம் அதே சுவிட்ச், மறுபக்கம் குழாயோடு ஒரு முள் மீட்டர் மாட்டினார். கரண்டே தேவையில்லாத மீட்டர், ஆயிலே நேராக வந்து முள்ளைத் தள்ளும்.

சூடேறாத என்ஜினில் 55 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) பிரஷர். என்னைக் கூட்டிக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தார். நன்றாகச் சூடேறிய பிறகு ஐடிலில் 19. ஆக்சிலேட்டரை 2000 ஆர்பிஎம் வரை ஏற்றினால் 44. "ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பவுண்டு இருந்தா பழைய வண்டிக்குத் தாராளம்" என்றார். ஐடிலில் முள் 19-இல் நிற்கும்போதே உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஐந்து, ஆறு பவுண்டுக்குக் கீழே போனால் எரிய வேண்டிய விளக்கு அது. பிரஷர் சரியாக இருந்தது, சுவிட்ச்தான் பொய் சொன்னது. புது சுவிட்ச் 280 ரூபாய்.

அதற்காக, விளக்கு எரிந்தால் சுவிட்ச்தான் என்று நினைத்துக்கொண்டு யாரும் ஓட்டிப் போய்விடாதீர்கள். ஓடும்போது எரிந்தால் அங்கேயே நிறுத்தி அணைக்க வேண்டியதுதான், வீடு நூறு அடி தூரத்தில் இருந்தாலும். ஏற்றத்திலோ வளைவிலோ மட்டும் மினுக்கினால் ஆயில் குறைவாக இருக்கலாம், என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற சம்ப்பில் அது ஒரு பக்கமாக ஒதுங்கிவிட, பம்ப் காற்றை இழுக்கும். மீட்டரிலும் குறைவாகக் காட்டினால் என்ன செய்வீர்கள் என்று பாயிடம் கேட்டேன். முதலில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவாராம், கழற்றிய ஃபில்டரை அறுத்து உள்ளே உலோகத் தூள் மினுங்குகிறதா என்று பார்ப்பாராம். அடுத்து, பிரஷர் மிஞ்சினால் திறக்கிற ரிலீஃப் வால்வு, அதில் அழுக்கு சிக்கித் திறந்தே நின்றால் ஆயில் எல்லாம் சம்ப்புக்கே திரும்பிவிடும். பிறகு சம்ப்பை இறக்கி ஸ்ட்ரெய்னர் என்கிற சல்லடை அடைத்திருக்கிறதா, பம்ப் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. பேரிங் கடைசியில்தான். அது நிஜமாகவே போயிருந்தால் மலையில் லோடு இழுக்கும்போது டங்கு டங்கென்று சத்தம் கேட்குமாம், காதில் ஸ்க்ரூ டிரைவர் வைக்கத் தேவையில்லையாம்.

வண்டிக்கு அடியில் படுத்திருந்தவர் ஒரு விஷயம் சொன்னார். "தம்பி, மேலதான் பெயிண்ட். இந்த சம்ப் போல்ட்ட யாரும் தொட்டுப் பல வருசம் இருக்கும் போல." டார்ச் அடித்துப் பார்த்தேன். போல்ட் தலை தெரியாத அளவுக்கு ஆயிலும் செம்மண்ணும் இறுகிப்போய் இருந்தது. சம்ப்பைக் கழற்றாமல் கிராங்க்கை எப்படி வெளியே எடுத்தார்கள்?

வீட்டுக்கு வந்து அப்பாவின் ஃபைலைத் தேடினேன். அப்பா எதையும் தூக்கிப் போடமாட்டார். 2011-இல் மதுரையில் என்ஜின் வேலை பார்த்த பில் கிடைத்தது: கிராங்க் கிரைண்டிங் 0.25, பேரிங் 0.25. கிராங்க்கைக் கடைந்து மெலிதாக்கினால் அதே அளவுக்குத் தடிமனான ஷெல் போட வேண்டும், அந்த அளவை ஷெல்லின் முதுகிலேயே பொறித்திருப்பார்கள். பட்டறையில் கொடுத்த பையைக் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் STD முத்திரை, அதாவது ஸ்டாண்டர்டு, கடையாத கிராங்க்குக்கான அளவு. 2011-க்குப் பிறகு என் வண்டிக்குள் ஸ்டாண்டர்டு ஷெல் இருந்திருக்கவே முடியாது. யாருடைய என்ஜினிலிருந்து கழற்றியதோ, அந்தப் பையை எத்தனை பேருக்குக் காட்டினார்களோ.

சம்ப்பை இறக்கச் சொன்னேன். "நல்லா ஓடுற வண்டிய எதுக்குப் பிரிக்கணும்?" என்று பாய் இரண்டு முறை தடுத்தார். எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்றேன். மூன்றாவது கனெக்டிங் ராடின் கேப்பைத் திறந்து ஷெல்லை எடுத்துக் கையில் வைத்தார். முதுகில் 0.25. தேய்மானம் வயதுக்குத் தகுந்த அளவுதான், செம்பு எங்கேயும் தெரியவில்லை. ஆயில் பம்ப்பும் பழையதுதான். ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துக்கொண்டேன். அதே ஷெல்லை மாட்டி, கேஸ்கெட், ஆயில், ஃபில்டர், சுவிட்ச், கூலி எல்லாம் சேர்த்து 5,900 ரூபாய் வாங்கினார்.

படங்களோடு பழைய பட்டறைக்குப் போனேன். முதலில் சிரித்தார்கள். அப்புறம் பையன்கள் ஷெல்லை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றார்கள். உள்ளே இருக்கிற 0.25-க்கு என்ன பதில் என்றதும், வெளியே பிரித்த வண்டிக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று எழுந்து போய்விட்டார் உரிமையாளர். அந்த ஒரு வாதம் எனக்கும் உறுத்துகிறது. பிரிப்பதற்கு முன்பே அவர்களுக்கு எழுத்தில் தெரிவித்து, மூன்றாவது ஆள் ஒருவரை வைத்துக்கொண்டு பிரித்திருக்க வேண்டும் என்று வக்கீல் சொன்னார். ஆத்திரத்தில் தோன்றவில்லை. நல்லவேளையாகப் பணத்தை மூன்று தவணையாக ஜிபேயில் அனுப்பியிருந்தேன், வாட்ஸ்அப் படங்களும் தேதியோடு இருக்கின்றன. வெள்ளைத் தாள் எஸ்டிமேட்டைவிட அவைதான் இப்போது உதவுகின்றன.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமும் கிடையாது. அதற்கு முன் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். இன்றோடு 19 நாள் ஆகிறது, கையெழுத்துப் போட்டு வாங்கிய அட்டை மட்டும் திரும்பி வந்திருக்கிறது. மேற்கொண்டு என்ன ஆனாலும் இங்கேயே எழுதுகிறேன்.