சீன உணவகத்தில் ‘பருவ விலை’ மீனும் நண்டும் கேட்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

சிங்கப்பூரில் இருக்கும் நம் ஆட்கள் பலரும் ஊரிலிருந்து உறவினர் வந்தால் ஒருநாளாவது நல்ல சீன உணவகத்துக்கு அழைத்துப்போக நினைப்பார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். நகரின் நடுவே, வாசலிலேயே மீன்தொட்டி வைத்திருக்கும் உயர்தரக் கடைகளில், உணவுப் பட்டியலில் விலை போடாமல் ‘பருவ விலை’ (அன்றன்றைக்கு மாறும் விலை) என்று மட்டும் இருந்தால், எடை எவ்வளவு, மொத்தம் எத்தனை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று எழுதி வாங்காமல் எதையும் சமைக்கச் சொல்லாதீர்கள். வாயால் சொல்வதை நம்பாதீர்கள், எங்களுக்கு வாயால்தான் சொன்னார்கள்.

திருச்சியிலிருந்து மாமாவும் அத்தையும் வந்திருந்தார்கள். பிள்ளைகளோடு ஆறு பேர். நான் விலை கேட்டுத்தான் ஆர்டர் கொடுத்தேன். சூன் ஹாக் மீன் 100 கிராம் 11 வெள்ளி, இன்று இருப்பது 700 கிராம்தான் என்றார் பரிமாறுபவர். இலங்கை நண்டு 100 கிராம் 12 வெள்ளி, ஒரு நண்டு 800 கிராம் வரும் என்றார். இரண்டும் சேர்த்து 175 வெள்ளிக்குள் முடியும், சரி என்றேன். அப்புறம் ஒரு நீல வாளியில் நண்டைக் கொண்டுவந்து காட்டினார், கயிறு கட்டிய ஒற்றை நண்டு, அத்தை எட்டிப் பார்த்துத் தலையாட்டினார், உள்ளே போய்விட்டது. எடை போட்டது எங்கள் கண்ணெதிரே இல்லை.

சில்லி நண்டு வந்தபோது தட்டில் நான்கு பெரிய கொடுக்குகள் இருந்ததை என் மகள்தான் முதலில் கவனித்தாள். ஒரு நண்டுக்கு ஏது நான்கு? உடனே கூப்பிட்டுக் கேட்டேன். “ஓகே ஓகே, நோ ப்ராப்ளம், சாப்பிடுங்கள்” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். இப்படிச் சொன்னால் யாராக இருந்தாலும் கூடுதலாக வந்ததற்குக் காசு இல்லை என்றுதானே எடுத்துக்கொள்வார்கள்?

பில்லில் நண்டு 1.9 கிலோ, 228 வெள்ளி. மீன் 1.2 கிலோ, 132 வெள்ளி. அந்த மீன் எங்கள் ஆறு பேருக்கு ஆளுக்கு நாலு வாய்கூட வரவில்லை, அது 1.2 கிலோ என்றால் நான் நம்பத் தயாரில்லை. இதற்கு மேல் நாங்கள் கேட்காமலே மேசையில் வைத்த வேர்க்கடலைக்கு 6 வெள்ளி, ஈரத்துண்டு ஆளுக்கு ஒரு வெள்ளி, தேநீர் ஆளுக்கு 3 வெள்ளி. காய்கறி, டோஃபு, சோறு எல்லாம் சேர்த்து 480. இதன்மேல் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, அந்தக் கூட்டுத்தொகைமேல் ஜிஎஸ்டி 9 விழுக்காடு, கடைசியில் 575 வெள்ளி 52 காசு. இங்கே கடைகள் வரியைச் சேர்த்துத்தான் விலை காட்ட வேண்டும், ஆனால் சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் ஏறக்குறைய 20 விழுக்காடு ஏறும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலாளர் வந்தார். எடைச்சீட்டைக் காட்டுங்கள் என்றால் சமையலறையில் போட்ட எடை, சீட்டு வைத்திருப்பதில்லை என்கிறார். ஒரு நண்டுதானே கேட்டோம் என்றால், அது சிறியது, அதனால் சமையல்காரர் இன்னொன்று சேர்த்தார், நீங்களும் சாப்பிட்டுவிட்டீர்களே என்கிறார். பரிமாறியவரைக் கூப்பிடுங்கள் என்றேன், அவர் வேலை முடிந்து போய்விட்டாராம். கடலையையும் துண்டையும் மட்டும் நீக்கினார், 561 வெள்ளி 13 காசு கட்டிவிட்டு வந்தோம். ருசியில் குறை சொல்ல மாட்டேன், மீன் பஞ்சு மாதிரி இருந்தது. ஆனால் மாமா அந்தத் தொகையைப் பார்த்துவிட்டார். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு ஊருக்குப் போகும்வரை எங்கே கூப்பிட்டாலும் “வீட்டிலேயே சாப்பிடலாம்பா” என்று மறுத்துவிட்டார். எனக்கு அந்தப் பணத்தைவிட இதில்தான் வயிறு எரிகிறது.

இது புதுக்கதையும் இல்லை. 2009ல் நியூட்டன் உணவங்காடியில் அமெரிக்கச் சுற்றுப்பயணிகளிடம் எட்டு இறாலுக்கு 239 வெள்ளி வாங்கிய கடையை மூன்று மாதம் மூட வைத்தார்கள். 2023ல் ஒரு ஜப்பானியப் பெண் ஓர் அலாஸ்கா நண்டுக்கு 938 வெள்ளி பில் பார்த்துப் போலீசையே கூப்பிட்டார், அந்த உணவகமோ விலையை முன்பே சொன்னோம் என்றது. சொன்னோம், சொல்லவில்லை என்ற இந்த இழுபறியில் கையில் எழுத்து இல்லாதவர் பக்கம் எதுவும் நிற்பதில்லை.

அதனால் தராசை மேசைக்கோ தொட்டிப் பக்கமோ கொண்டுவரச் சொல்லி, எடை தெரியும்படி உயிருள்ள மீனையும் நண்டையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், சங்கடப்படவே வேண்டாம். ஆர்டர் சீட்டில் எடையையும் மொத்த விலையையும் எழுதித் தர மறுத்தால் வேறு ஏதாவது கேளுங்கள், சிக்கனுக்கெல்லாம் விலை போட்டுத்தான் இருக்கிறது. கடலை, துண்டு வேண்டாம் என்றால் உட்கார்ந்தவுடனே திருப்பி அனுப்புங்கள். கேட்டதைவிட அதிகமாக வந்தால் கை வைக்காமல் மேலாளரை வரவழைத்து, இதற்குக் காசு உண்டா இல்லையா என்று நேராகக் கேளுங்கள்.

நான் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அதில் சரியாகாவிட்டால் ஸ்மால் கிளைம்ஸ் என்ற சிறு தொகை வழக்குகளுக்கான மன்றம் இருக்கிறது, 20,000 வெள்ளி வரை அங்கே வழக்குப் போடலாம், வக்கீல் தேவையில்லை. இதற்குள் உணவகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல், 50 வெள்ளிக்குப் பற்றுச்சீட்டு (வவுச்சர்) தருகிறோம், அடுத்த முறை வரும்போது பயன்படுத்துங்கள் என்று. பற்றுச்சீட்டு வேண்டாம், அன்றைக்கு எங்கள் மேசைக்கு எழுதிய ஆர்டர் சீட்டின் நகலை அனுப்புங்கள் என்று பதில் போட்டிருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.